பித்தக்குழாயில் கல்: மாறிவந்த சிகிச்சை முறைகள்

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. லயத்து ஓரத்திலேயே முளைத்துக் கிடக்கும் செடி அது. அதை வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்து, எண்ணெயையும் புளியையும் தள்ளிப் பத்தியம் காத்தால் கண்ணின் மஞ்சள் இறங்கிவிடும் என்பது பாட்டி காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கேலி செய்வது நமது நோக்கமன்று. பல வீடுகளில் மஞ்சள் இறங்கியதை மக்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஏன் இறங்கியது என்பதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

காமாலை என்பது ஒரே நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஒரு வகைக் கிருமி ஈரலைத் தாக்கும்போதும் கண் மஞ்சளாகும். அவ்வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மருந்து கொடுத்தாலும் தணியும், கொடுக்காவிட்டாலும் தணியும். கீழாநெல்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் இந்த வகைதான் என்பது நமது எண்ணம். ஆனால், ஈரலிலிருந்து பித்தநீர் இறங்கிவரும் குழாயில் ஒரு கல் வந்து சிக்கிக்கொள்வதால் உண்டாகும் காமாலை முற்றிலும் வேறு. அடைபட்ட குழாயை எந்தப் பச்சிலையும் திறந்துவிடாது. மூன்று நாள் மருந்து, பிறகு இன்னும் மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது இங்கே உயிருக்கே உலையாகலாம்.

இந்தக் குழாய் எங்கே இருக்கிறது, அதில் கல் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். வலப்பக்க விலா எலும்புகளுக்கு உள்ளே ஈரல் இருக்கிறது. அது ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. உண்ட கொழுப்பைக் கரைத்துச் செரிக்க வைப்பது இந்த நீரே. ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பை பித்தப்பை. சாப்பாடு இல்லாத நேரத்தில் பித்தநீரைச் சுண்டவைத்துச் சேமித்துக்கொள்வதும், கொழுப்புள்ள உணவு வயிற்றுக்குள் போனதும் சுருங்கி அதை வெளியே தள்ளுவதும் அதன் வேலை. பித்தநீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக இறங்கிச் சிறுகுடலின் தொடக்கத்தில் விழுகிறது. அந்தக் குழாயின் அகலம் சுமார் 6 மில்லி மீட்டர்தான். அது குடலில் திறக்கும் இடத்தில் ஒரு சிறு வாய் உண்டு. கணையத்திலிருந்து வரும் குழாயும் பெரும்பாலோருக்கு அதே வாயில்தான் வந்து சேருகிறது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பால் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்தில் கீறிய கோட்டின் வழியாகப் பால் வடிந்து, தகரத் தகட்டில் ஏறி மங்கில் சொட்டுகிறது. தகட்டில் காய்ந்த பால் கட்டியாக அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மரம் பால் கொடுப்பதை நிறுத்துவதில்லை. பால் வழி மாறிப் பட்டையெங்கும் வழியும். ஈரலிலும் அதே கதைதான். குழாய் அடைபட்டாலும் ஈரல் சுரந்துகொண்டே இருக்கும். போக வழியில்லாத பித்தத்தின் மஞ்சள் நிறப்பொருள் இரத்தத்தில் கலந்து கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குகிறது. சிறுநீரில் இறங்கி அதைக் கறுப்புக் கோப்பி போல ஆக்குகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பதும் இதே பொருள்தான் என்பதால், அது குடலுக்கு வராதபோது மலம் வெளுத்துக் களிமண் போல் ஆகிவிடுகிறது. உடம்பெல்லாம் அரிப்பும் எடுக்கலாம். சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

கல் என்றதும், சோற்றில் கிடந்த கல்லை விழுங்கியதால் வந்தது என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விழுங்கிய கல் குடல் வழியாக வெளியே போய்விடும். அதற்கும் பித்தக்குழாய்க்கும் தொடர்பு இல்லை. இன்னும் சிலர் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார்கள். அது சிறுநீரகக் கல்லுக்காக மக்கள் கையாளும் வைத்தியம். சிறுநீர் போகும் பாதை வேறு, பித்தநீர் போகும் பாதை வேறு. கல் என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பித்தக் கல் பெரும்பாலும் பித்தப்பைக்குள்தான் பிறக்கிறது. பித்தநீரில் உள்ள கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு அளவுக்கு மிஞ்சும்போது படிந்து இறுகிக் கல்லாகிறது. பெண்களுக்கு, அதிலும் பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. பட்டினி கிடந்து திடீரென்று உடம்பை இளைக்க வைப்பவர்களுக்கும் வரும். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்குக் கறுப்பு நிறக் கற்கள் உண்டாகின்றன. பித்தப்பையில் பிறந்த கல் அங்கேயே சும்மா கிடந்தால் பலருக்குத் தொல்லை ஒன்றும் இல்லை. அது நழுவிக் குழாய்க்குள் இறங்கும்போதுதான் நாம் பேசும் ஆபத்து தொடங்குகிறது. பித்தப்பைக் கல்லால் வலி கண்டு அறுவைக்கு வருவோரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குக் குழாயிலும் கல் இருக்கிறது.

நமது கிழக்கு நாடுகளில் இன்னொரு வகையும் உண்டு. கிருமி புகுந்த பித்தக்குழாயிலேயே நேராகப் பிறக்கும் பழுப்பு நிறக் கல் அது. கையால் நசுக்கினால் மண்கட்டி போல் உதிரும். நாக்குப்பூச்சி குடலிலிருந்து அந்தச் சிறு வாய் வழியாகக் குழாய்க்குள் ஏறிவிடுவதுண்டு. உள்ளே சென்ற பூச்சி செத்தால், அதன் உடலைச் சுற்றியே கல் படியும். ஹாங்காங், தைவான், ஜப்பான் மருத்துவர்கள் இப்படிப்பட்ட கற்களை நிறையக் கண்டிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரும் நல்ல கழிப்பறையும் வந்த இடங்களில் இந்த வகை குறைந்து, கொழுப்புக் கல் கூடியிருக்கிறது. நாசி லெமாக் தின்றால் மறுநாளே கல் வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. கல் ஏற்கனவே உள்ளவருக்குக் கொழுப்பு உணவு பித்தப்பையைச் சுருங்க வைத்து வலியைக் கிளப்பும், அவ்வளவுதான்.

இனி, ஆபத்து என்ன என்பதற்கு வருவோம். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகுவது போலத் தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகும். வலப்பக்க மேல்வயிற்றில் வலி, நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக்குழாயில் சீழ்பிடித்திருக்கிறது என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-இல் எழுதி வைத்தார். இந்த மூன்று அடையாளங்களையும் மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். சிலருக்கு மூன்றில் இரண்டுதான் தெரியும். வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் மயக்கமும் தடுமாற்றமுமாகக்கூட வரலாம். கிருமி இரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்திலேயே நாடி தளர்ந்து உயிர் போய்விடக்கூடும்.

தோட்டத்தில் வேலை செய்வோருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நடுக்கக் காய்ச்சல் என்றால் மலேரியா என்பது முன்னோர் அனுபவம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக் காய்ச்சலிலும் காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து வரும். காட்டிலும் கால்வாயிலும் வேலை செய்பவர்களை அது பிடிக்கும். எது எது என்று வீட்டில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒன்றும் நட்டமில்லை. காய்ச்சலோடு காமாலை வந்தால் அது எந்த நோயாக இருந்தாலும் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான், அன்றைக்கேதான்.

கல்லை எடுக்கும் வைத்தியம் எப்படி வளர்ந்தது என்பது சுவையான வரலாறு. 1882 ஜூலை 15-ஆம் நாள் பெர்லின் நகரில் லாங்கன்புக் என்னும் மருத்துவர் முதன்முதலாக ஒருவரின் பித்தப்பையை அறுத்து எடுத்தார். பித்தப்பை இல்லாமல் மனிதன் வாழ முடியுமா என்று ஐயுற்ற காலம் அது. தாராளமாக வாழலாம் என்று தெரிந்தது. குழாயையே கீறிக் கல்லை எடுத்த தொடக்ககால மருத்துவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டுக் கூர்வாசியே, ஆண்டு 1890. அதன்பின் ஜெர்மன் மருத்துவர் கேர், ஆங்கில ‘டி’ எழுத்து வடிவிலான ரப்பர் குழாய் ஒன்றைக் கீறிய இடத்தில் வைத்துப் பித்தநீரை வெளியே வடியவிடும் வழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இதுவே வழி. வயிற்றைப் பெரிதாகத் திறந்து, குழாயைக் கீறி, கல்லைத் துழாவி எடுத்து, ரப்பர் குழாயை வைத்துத் தைப்பார்கள். நோயாளி வயிற்றில் குழாயும் பையும் தொங்க நாள் கணக்கில் படுத்திருப்பார். அதன் பிறகும் உள்ளே ஒரு கல் தங்கிவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால், அவரை மறுபடியும் திறக்க வேண்டும். இரண்டாம் அறுவை முதல் அறுவையைவிடக் கடினம். இந்தத் துன்பத்தைக் குறைக்க, ரப்பர் குழாய் போட்ட துவாரம் வழியாகவே ஒரு சிறு கம்பிக் கூடையை நுழைத்துக் கல்லைப் பிடித்திழுக்கும் முறையை பர்ஹென் என்னும் எக்ஸ்ரே மருத்துவர் 1973-இல் விளக்கினார். அது ஒரு பெரிய முன்னேற்றம். ஆனாலும் முதல் அறுவையை அது தவிர்க்கவில்லை.

பெரிய மாற்றம் வாய் வழியாக வந்தது. 1968-இல் அமெரிக்காவில் மெக்கியூன் குழுவினர், வளையக்கூடிய உள்நோக்குக் குழாயை வாய் வழியாக இறக்கி, பித்தநீர் விழும் அந்தச் சிறு வாயைக் கண்டு, அதனுள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் கருவியைச் செம்மைப்படுத்தினார்கள். 1974-இல் ஜப்பானில் காவாய் குழுவினரும், ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் ஆகிய இருவரும், ஒருவர் செய்வதை மற்றவர் எதிர்பாராமல், அந்தச் சிறு வாயை மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் கீறி அகலமாக்கி, கல்லை வெளியே கொண்டுவந்தார்கள். வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை. இன்று மருத்துவர்கள் ‘ஈ.ஆர்.சி.பி.’ என்று சுருக்கிச் சொல்வது இந்த முறையைத்தான்.

அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படுவோர் பலர் என்பதால் நடப்பதைச் சொல்லிவிடுகிறோம். நோயாளி ஆறு மணி நேரம் போல உணவு உண்ணாமல் இருக்க வேண்டும். தூக்க மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்து, எக்ஸ்ரே மேசையில் கவிழ்த்தோ ஒருக்களித்தோ படுக்க வைப்பார்கள். விரல் பருமனுள்ள குழாய் வாய் வழியாக இறங்கும். அதன் பக்கவாட்டில் ஒரு கண் இருக்கிறது. குடல் சுவரிலுள்ள சிறு வாயை அது நேராகப் பார்க்கும். அதன் வழியே மெல்லிய கம்பி நுழைந்து, வாயைக் கொஞ்சம் கீறிவிட்டபின், ஒரு சிறு பலூனோ கம்பிக் கூடையோ கல்லைக் குடலுக்குள் இழுத்துத் தள்ளும். பிறகு அது மலத்தோடு போய்விடும். நூற்றில் எண்பத்தைந்து முதல் தொண்ணூறு பேருக்கு இவ்வளவிலேயே குழாய் சுத்தமாகிவிடுகிறது. கல் மிகப் பெரிதென்றால் உள்ளேயே உடைக்கும் கூடையும், மின்பொறியாலோ லேசர் ஒளியாலோ பொடியாக்கும் கருவியும் இன்று உண்டு. எடுக்கவே முடியாதபோதும், நோயாளி தாங்கும் நிலையில் இல்லாதபோதும், ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கல்லின் ஓரமாகச் செருகிப் பித்தநீருக்கு வழி செய்துவிட்டு வந்துவிடுவார்கள். இந்தக் குழாயை 1979-இல் முதன்முதலாக வைத்தவர் சோஹேந்திரா. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பணிபுரிந்தவர், பிறந்தது நமது அண்டை நாடான இந்தோனேசியாவில்.

சீழ்பிடித்த நோயாளிக்கு எது நல்லது, கத்தியா குழாயா? 1992-இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வு இதற்கு விடை சொன்னது. கடுமையான நிலையில் வந்த 82 நோயாளிகளைச் சமமாகப் பிரித்து, 41 பேருக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். 41 பேருக்கு வாய் வழிக் குழாயால் சீழை வடித்தார்கள். அறுவை செய்தவர்களில் 13 பேர் இறந்தார்கள். குழாய் முறையில் 4 பேர். எல்லோரும் ஒரே நோயால், ஒரே மருத்துவமனைக்கு வந்தவர்கள். அன்று முதல், சீழ்பிடித்த பித்தக்குழாய்க்கு முதல் வழி இதுவே என்றாகிவிட்டது.

இதற்காகக் குழாய் முறை முற்றிலும் ஆபத்தற்றது என்று சொல்லிவிட முடியாது. கணையக் குழாயும் அதே வாயில் வந்து சேருகிறது என்றோம் அல்லவா? கருவி படும்போது கணையம் சினந்து வீங்கலாம். நூற்றுக்கு மூன்று முதல் பத்து பேர் வரை இது நேர்கிறது. பெரும்பாலும் சில நாளில் அடங்கும், சிலருக்குக் கடுமையாகிவிடும். இரத்தக் கசிவும், அரிதாகக் குடலில் துளையும் ஏற்படலாம். கணைய வீக்கத்தைக் குறைக்க, இண்டோமெத்தசின் என்னும் மருந்தை ஆசனவாயில் வைக்கும் எளிய வழி பயன் தருகிறது என்று 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மலிவான பழைய மருந்துதான் அது.

இந்த ஆபத்து இருப்பதால் இன்னொரு போக்கும் மாறியது. முன்பு, கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே குழாயை இறக்கினார்கள். இப்போது பார்ப்பதற்கு வேறு வழிகள் வந்துவிட்டன. காந்தப் புலத்தால் படமெடுக்கும் ‘எம்.ஆர்.சி.பி.’ முறை 1990-களில் வந்தது. ஊசி, கத்தி எதுவும் இல்லாமல் குழாயின் படம் கிடைக்கிறது. உள்நோக்குக் குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவியைப் பொருத்திப் பார்ப்பதும் உண்டு. கல் உறுதி என்றால்தான், அல்லது மிகுந்த ஐயம் என்றால்தான், ஈ.ஆர்.சி.பி. செய்கிறார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன் பித்தப்பைக் கல்லை நன்றாகக் காட்டும். குழாயிலுள்ள கல்லைக் குடல் காற்று மறைத்துவிடுவதால் பலமுறை காட்டாது. ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள், ஆனால் மஞ்சள் இறங்கவில்லை’ என்றால் மறுபடியும் போய்க் காட்டத்தான் வேண்டும்.

பித்தப்பை அறுவையும் இதற்கிடையில் மாறியது. 1985-இல் ஜெர்மனியில் மூஹே, 1987-இல் பிரான்சில் மூரே ஆகியோர் வயிற்றில் சிறு துளைகள் மட்டும் இட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். இன்று அதுவே வழக்கம். தேர்ந்த கைகள் உள்ள மருத்துவமனைகளில், அதே துளைகள் வழியாகக் குழாய்க் கல்லையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுகிறார்கள். முன்பே இரைப்பை அறுவை செய்து குடல்வழி மாறியவர்களுக்கு வாய்க் குழாய் எளிதில் எட்டாது. அவர்களுக்கும் இவ்வழி உதவும். பழைய பெரிய அறுவையும் அடியோடு மறைந்துவிடவில்லை. வேறு வழி கைகொடுக்காதபோது அது இன்றும் உயிர் காக்கிறது.

நம் மக்கள் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. குழாய்க் கல்லை எடுத்துக் காமாலை இறங்கியதும், ‘கல்லைத்தான் எடுத்துவிட்டார்களே, இனி எதற்கு ஆபரேஷன்?’ என்று பித்தப்பை அறுவைக்குக் கொடுத்த தேதியை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் சம்பளம், பேருந்துச் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் பித்தப்பையில் கல் மீதமிருந்தால் அது மறுபடியும் இறங்கும். நெதர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். குழாயைச் சுத்தம் செய்தபின் பித்தப்பையையும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கே இரண்டாண்டுக்குள் தொல்லை திரும்பியது. காத்திருந்து பார்ப்போம் என்று விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 47 பேருக்குத் திரும்பியது.

ஈ.ஆர்.சி.பி. எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் செய்யப்படுவதில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஈரல், பித்தக்குழாய் நோய்களுக்கென்றே பெயர்பெற்றது 1999-இல் திறக்கப்பட்ட சிலாயாங் மருத்துவமனை. காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் கடிதத்துக்காகவும் தேதிக்காகவும் காத்திராமல் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போய்விடலாம், 999-ஐ அழைக்கலாம். அங்கே முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமியைக் கொல்லும் மருந்தை ஊசி வழியாகத் தொடங்குவார்கள். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறைவது தாமதமாகும். அதனால் அதற்கும் ஊசி போடக்கூடும். அடையாளக் கார்டுச் சிக்கலோ கட்டணக் கவலையோ உள்ள குடும்பங்கள் அதற்காக நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூகநல அதிகாரியைப் பார்த்துப் பேசலாம். நோயாளி கர்ப்பிணியா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, எந்த மருந்தாவது ஒவ்வாதா, முன்பு வயிற்றில் அறுவை நடந்ததா, நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்பதையெல்லாம் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். கீழாநெல்லி கொடுத்தோம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

வீடு திரும்பியவருக்கு அன்றோ மறுநாளோ கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கறுப்பு மலம் ஏதேனும் வந்தால் உடனே திரும்பக் கொண்டுபோக வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறார்களா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வலியில்லாததால் பலர் அது உள்ளே இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அது அடைத்துக்கொள்ளும், மறுபடியும் சீழ்பிடிக்கும். வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ தேதி கொடுப்பார்கள். வேறு தோட்டத்துக்கோ பட்டணத்துக்கோ வேலை மாறிப் போனாலும் அந்தக் காகிதத்தைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எந்த அரசாங்க மருத்துவமனையில் காட்டினாலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.